வெள்ளைப் பூ கறுத்துப்போகும் படங்கள்

வங்கியில் பணம் கட்டப் போனால், காசாளர் ஐந்நூறு ரூபாய் நோட்டை ஒரு சிறிய ஊதா விளக்கின் அடியில் நீட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். நோட்டின் எண்களும் உள்ளே கிடக்கும் நூலிழைகளும் பளிச்சென்று ஒளிரும். கள்ள நோட்டில் அந்த ஒளிர்வு இராது. இன்று எழுதப்போவது அந்த விளக்கைப் பற்றி அல்ல, அதன் பங்காளியைப் பற்றி.

போன மாதம் என் தங்கை பேரன் கைபேசியில் சில படங்கள் அனுப்பினான். சூரியகாந்திப் பூ. நமக்கெல்லாம் இதழ் முழுக்க ஒரே மஞ்சளாகத் தெரிகிற பூ. அந்தப் படத்திலோ இதழ்களின் அடிப்பாதி கன்னங்கரேலென்று இருக்கிறது, நுனிப்பாதி மட்டும் வெளுத்து மின்னுகிறது. நடுவில் பெரிய கறுப்பு வட்டம், மாட்டுக்கண் மாதிரி. கீழே ஒரு வரி: "தேனீ காணும் பூ இதுதான்." அதை நம் ஓய்வூதியர் நண்பர்களுக்கு அனுப்பினேன். இருவர் உடனே கேட்டார்கள்: "இது நிஜப் படமா, கம்ப்யூட்டர் வேலையா?"

கேள்வி நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வியும்கூட. இருநூறு ஆண்டுக் கதை இதற்குள் இருக்கிறது.

எங்கள் காலத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் வானவில்லின் நிறங்களை ஊதாவிலிருந்து தொடங்கித்தான் ஒப்பிக்கச் சொல்வார்கள்: வியொலே, ஆந்திகோ, ப்ளே, வேர், ழோன், ஓராஞ்ழே, ரூழ். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அது "விப்ஜியார்". இரண்டுமே ஊதாவில் தொடங்கும். ஊதாவுக்கு முன்னால் என்ன என்று யாரும் கேட்டதில்லை. அங்கேயும் ஒளி இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியாது என்று கண்டவர் ஜெர்மனியில் யேனா நகரில் இருந்த யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர். மருந்துக்கடையில் தொழில் பழகியவர். 1800இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல், சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து அங்கே கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் இருப்பதைக் காட்டியிருந்தார். ஒரு கோடியில் இருந்தால் மறு கோடியிலும் இருக்கத்தானே வேண்டும் என்று ரிட்டர் எண்ணினார். வெயில் பட்டால் கறுக்கும் வெள்ளி உப்பைத் தாளில் தடவி, பட்டகத்தின் வழியே வந்த நிறப்பட்டையில் வைத்தார். ஊதா விழுந்த இடத்தைவிட, அதற்கு அப்பால், ஒன்றுமே விழாததாகத் தோன்றிய இடத்தில் தாள் வேகமாகக் கறுத்தது. 1801 பிப்ரவரி. அந்த மனிதர் முப்பத்து மூன்று வயதில் இறந்துபோனார்.

இதில் கவனிக்க வேண்டியது, புற ஊதாவைக் கண்டுபிடித்ததே வெள்ளி உப்புதான். புகைப்படக்கலை பிறப்பதற்கு முன்பே அதன் மூலப்பொருள் நம் கண்ணைவிட அதிகம் பார்த்துவிட்டது. 1842இல் பாரிசில் எத்மோன் பெக்கெரல், அப்போது மூன்றே வயதான தாகேர் முறைப் புகைப்படத்தைக் கொண்டு சூரிய நிறமாலையைப் படம் எடுத்தார். கண்ணுக்குத் தெரியும் கோடுகளோடு ஊதாவுக்கு அப்பாலுள்ள கோடுகளும் தகட்டில் பதிந்தன. இவர் மகன்தான் பிற்பாடு கதிரியக்கத்தைக் கண்ட ஆன்ரி பெக்கெரல்.

பூவுக்கு வருவோம். பூவில் இருக்கும் கோடும் புள்ளியும் வெறும் அழகுக்காக இல்லை, தேன் இருக்கும் இடத்துக்குப் பூச்சியை அழைத்துச் செல்லும் கைகாட்டி என்று முதலில் விரிவாக எழுதியவர் கிறிஸ்டியான் கோன்ராட் ஸ்ப்ரெங்கல். பெர்லினுக்குப் பக்கத்தில் ஸ்பாண்டாவ் என்ற ஊரில் பள்ளித் தலைமை ஆசிரியர். புத்தகம் வந்தது 1793இல். மனிதர் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர உத்தியோகத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது, அடுத்த ஆண்டே சிறு ஓய்வூதியத்தோடு வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். புத்தகத்தையும் அன்று யாரும் பெரிதாக மதிக்கவில்லை. டார்வின் எடுத்துப் படித்துப் பாராட்டிய பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது. ஆனால் ஸ்ப்ரெங்கல் பார்த்தது நம் கண்ணுக்குத் தெரியும் கைகாட்டிகளை மட்டுமே.

பூச்சிக்குத் தனியாக ஒரு நிறம் தெரிகிறது என்று காட்டியவர் ஒரு வங்கிக்காரர் என்றால் நம்புவீர்களா? சர் ஜான் லப்பக். லண்டனில் குடும்ப வங்கி, நாடாளுமன்ற உறுப்பினர், டார்வினின் அண்டைவீட்டுக்காரர். இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் 1871இல் வந்தது இவர் முயற்சியால்தான். உத்தியோகம் பார்த்தவர்கள் எல்லோரும் இவரை நினைத்து ஒரு கும்பிடு போடலாம். கிடைத்த விடுமுறையில் இவர் எறும்பு வளர்த்தார். எறும்புக் கூட்டைக் கலைத்து வெளிச்சம் படச் செய்தால், எறும்புகள் தங்கள் கூட்டுப்புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு இருட்டான இடத்துக்கு ஓடும். நிறப்பட்டையை அவற்றின்மேல் விழச் செய்தார் லப்பக். நமக்கு இருட்டாகத் தெரியும் புற ஊதாப் பகுதியிலிருந்து அவை அவசரமாகக் காலி செய்தன. அடுத்து ஒரு தந்திரம் செய்தார். கார்பன் பைசல்பைடு என்று ஒரு திரவம். தண்ணீர் போல் தெளிவாக இருக்கும், ஆனால் புற ஊதாவை விடாது. அதை ஒரு பக்கமும், நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் ஊதாக் கண்ணாடியை இன்னொரு பக்கமும் வைத்தார். எறும்புகள் அந்தத் தெளிந்த திரவத்தின் அடியில் போய் ஒளிந்துகொண்டன! நமக்கு வெளிச்சமான இடம் அவற்றுக்கு இருட்டு. இதெல்லாம் 1882இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. இன்று கேமராவின் முன்னால் மாட்டும் பில்டர்களின் தத்துவம் இந்தச் சோதனையிலேயே வந்துவிட்டது.

இனி, அந்த ஒளியிலேயே ஊர் உலகத்தைப் படம் எடுத்த மனிதர். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் வில்லியம்ஸ் உட். இவரைப் பற்றி எழுதும்போது பிரெஞ்சு படித்தவனுக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருக்கும். காரணம் இது: 1903இல் நான்சி நகரப் பேராசிரியர் ரெனே ப்ளோன்லோ, "என்-கதிர்" என்று ஒரு புதிய கதிரைக் கண்டதாக அறிவித்தார். நான்சியின் முதல் எழுத்துதான் அந்த என். அது பட்டால் மங்கிய வெளிச்சம் சற்றுக் கூடுமாம். இருட்டறையில் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பிரான்சில் பலர் பார்த்தோம் பார்த்தோம் என்றார்கள். 1904இல் உட் நேரில் போனார். இருட்டில் கருவியிலிருந்த பட்டகத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். ப்ளோன்லோ ஒன்றும் அறியாமல் கதிரின் அளவுகளைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அத்தோடு என்-கதிர் முடிந்தது. பொய் சொல்லவில்லை அந்த மனிதர், பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இல்லாத கதிரை இல்லையென்று காட்டிய அதே உட், 1910இல் இருக்கிற கதிரின் படங்களை வெளியிட்டார். சாதாரணக் கண்ணாடி புற ஊதாவின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் படிகக்கல், அதாவது குவார்ட்ஸ், லென்ஸ் எடுத்துக்கொண்டார். அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு பூசினார். வெள்ளிக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை எல்லாம் திருப்பி அனுப்பிவிடும், ஆனால் புற ஊதாவில் ஒரு குறுகிய பகுதியை மட்டும் உள்ளே விடும். நமக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போல் இருக்கும் லென்ஸ், கேமராவுக்கு ஜன்னல்.

அந்தப் படங்களில் உலகம் தலைகீழாக இருந்தது. துத்தநாக வெள்ளைச் சாயம் மை போலக் கறுத்தது. தோட்டத்து வெள்ளைப் பூக்கள் இருண்டன. எல்லாவற்றிலும் விசித்திரம், நல்ல வெயிலில் நிற்கும் மனிதனுக்குக் கீழே நிழல் இல்லை. காரணம் எளிது. புற ஊதாவைக் காற்று நாலாபக்கமும் சிதறடிப்பதால் அது சூரியனிடமிருந்து மட்டும் வராமல் வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. நாலு பக்கமும் விளக்கு வைத்தால் நிழல் எங்கே விழும்? தமயந்தி சுயம்வரத்தில் நளனைப் போல் உருவெடுத்து வந்த தேவர்களுக்கு நிழல் விழவில்லை என்று நம் கதையில் வருமே, அதை நினைத்துக்கொண்டேன். உட் சந்திரனையும் விடவில்லை. அரிஸ்டார்க்கஸ் என்ற பள்ளத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கரும்புள்ளி புற ஊதாப் படத்தில் விழுந்தது. அதற்கு இன்றும் அவர் பெயரே.

பின்னால் நிக்கல் ஆக்சைடு கலந்த கருங்கண்ணாடி ஒன்றைச் செய்தார். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்துப் புற ஊதாவை விடும் கண்ணாடி. உட் கண்ணாடி என்றே பெயர். தோல் டாக்டர்கள் படர்தாமரை பார்க்க வைத்திருக்கும் விளக்கும், வங்கிக் காசாளரின் விளக்கும் அந்த வம்சம்தான். ஆனால் இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விளக்கின் அடியில் நோட்டு ஒளிர்வது, புற ஊதாவை வாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவதால். பூக்களையும் இருட்டறையில் அப்படி ஒளிரவிட்டுப் படம் எடுக்கிறார்கள், பார்க்க நட்சத்திரக் கூட்டம் மாதிரி இருக்கும். நான் சொல்லும் படம் அது அல்ல. பூவின்மேல் பட்டுத் திரும்பும் புற ஊதாவையே பிடிக்கும் படம் இது. இன்னொரு குழப்பமும் உண்டு. கேமராக் கடையில் லென்ஸோடு தலையில் கட்டுவார்களே, "யு.வி. பில்டர்" என்று, அது புற ஊதாவைத் தடுப்பதற்கு. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரி.

தேனீயின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேனீக்கு நிறம் தெரியும் என்பதை நீல அட்டையும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்து நிரூபித்தவர் கார்ல் ஃபான் ஃபிரிஷ். அதற்குப் புற ஊதாவும் தெரியும் என்பதை 1924இல் ஆல்ஃபிரட் கூன் காட்டினார். அதே ஆண்டில் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஃபிராங்க் லட்ஸ், பூக்களின் புற ஊதாக் கோலங்களையும் பூச்சிகளையும் சேர்த்து ஆராய்ந்து எழுதினார். 1958இல் ஃபிரிஷின் மாணவர் கார்ல் டௌமர், பூக்களைத் தேனீயின் மூன்று நிறப் பகுதிகளிலும் அளந்து பார்த்தார். 1969இல் கார்னெல் பல்கலைக்கழகத்துத் தாமஸ் ஐஸ்னர் குழுவினர் டெலிவிஷன் கேமராவிலேயே புற ஊதா பில்டரை மாட்டிப் பூவை நேரடியாகத் திரையில் பார்த்தார்கள். நமக்கு வெற்று மஞ்சளாகத் தெரியும் எத்தனையோ பூக்களில் நடுவே கறுப்பு வட்டம் இருந்தது. ஸ்ப்ரெங்கலின் கைகாட்டிதான், அவர் கண்ணுக்கு எட்டாத மையால் எழுதப்பட்டது.

இதுவரை எல்லாம் ஆராய்ச்சி. இதை அழகுக்காகச் செய்தவர்கள் பின்னால் வந்தார்கள், அவர்களில் எனக்குப் பிடித்தவர் நார்வேயின் பியோர்ன் ரோர்ஸ்லெட். தாவர ஆராய்ச்சியும் செய்தவர், இயற்கைப் படமும் எடுப்பவர். வடநாட்டுப் புல்வெளிப் பூக்களை ஒவ்வொன்றாகச் சாதாரண ஒளியிலும் புற ஊதாவிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இந்த வேலைக்கென்றே நிக்கான் கம்பெனி 1980களில் 105 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று செய்தது. குவார்ட்சும் ஃப்ளூரைட்டும்தான், சாதாரணக் கண்ணாடியே கிடையாது. சாதாரண லென்ஸில் கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்தால் புற ஊதாவில் அது தவறிவிடும், இந்த லென்ஸில் தவறாது. விலை நம்மைப் போன்றவர்கள் விசாரிக்கும் விலை அல்ல. பழைய கறுப்பு வெள்ளை பிலிமுக்குப் புற ஊதா எப்போதும் தெரியும், ஒரு உட் கண்ணாடி பில்டர் போதும். டிஜிட்டல் வந்தபோதுதான் சிக்கல். உட் கண்ணாடி ஆழ்ந்த சிவப்பையும் அகச்சிவப்பையும் கொஞ்சம் ஒழுகவிடும். பிலிமுக்கு அது தெரியாது, டிஜிட்டல் சென்சாருக்கு நன்றாகத் தெரியும். பூவில் திரும்பிவரும் புற ஊதா கொஞ்சம், ஒழுகும் அகச்சிவப்பு நிறைய. இரண்டும் கலந்தால் படம் பொய்யாகிவிடும். அதனால் ஒழுகலை அடைக்க இன்னொரு பூச்சு வேண்டியதாயிற்று. கேமராவுக்குள் சென்சாரின் முன்னால் கம்பெனிக்காரன் வைத்த தடுப்புக் கண்ணாடியையும் கழற்ற வேண்டும்.

ஒழுகாத பில்டர் பூக்காரர்களுக்குக் கிடைத்தது வானியல்காரர்களிடமிருந்து. ஜெர்மனியின் பாடர் கம்பெனி அதைச் செய்தது வெள்ளிக் கிரகத்துக்காக. வெள்ளியின் மேகங்கள் கண்ணுக்கு வெறும் வெள்ளைத் துணி. 1927இல் ஃபிராங்க் ராஸ் மவுண்ட் வில்சனில் புற ஊதாவில் எடுத்தபோதுதான் அதில் கறைகள் தெரிந்தன. இங்கே என்-கதிர் அவமானத்துக்கு ஈடாக ஒரு பிரெஞ்சுக்காரரைச் சொல்லியே ஆக வேண்டும். ஷார்ல் புவாயே. காங்கோவில் பிராசவீல் நகரத்தில் நீதிபதி, பொழுதுபோக்குக்கு வானம் பார்ப்பவர். 1957இல் சிறிய தொலைநோக்கியில் வெள்ளியைப் படம் எடுத்து, அந்தக் கறைகள் நான்கு நாளுக்கு ஒருமுறை திரும்பி வருவதைக் கண்டார். பிக் து மிதி வானாய்வகத்தின் ஆன்ரி காமிஷேல் துணைநின்றார். கிரகம் ஒருமுறை சுழல 243 நாள், மேகம் மட்டும் நாலு நாளில் சுற்றுகிறதாம்! பலர் நம்பவில்லை. 1974இல் மரினர் 10 விண்கலம் புற ஊதாக் கேமராவோடு அந்த வழியே போனது. நீதிபதி சொன்னது சரி.

இப்போது நண்பர்களின் கேள்வி. சூரியகாந்தியின் கறுப்பு வட்டம் நிஜம். இதழின் அடியில் புற ஊதாவை விழுங்கும் பொருள் இருக்கிறது, யார் எடுத்தாலும் அந்த வட்டம் விழும். ஆனால் இத்தகைய படங்களில் வரும் மஞ்சளும் நீலமும் அந்த அர்த்தத்தில் நிஜம் அல்ல. புற ஊதாவுக்கு நம் மொழியில் நிறமே கிடையாது. சென்சாரின் சாயங்கள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வருவதைக் கேமரா சிவப்பாகவோ ஊதாவாகவோ எழுதும். படம் எடுப்பவர், புற ஊதாவை முழுவதுமாகத் திருப்பும் ஒரு வெள்ளைப் பொருளைப் பக்கத்தில் வைத்து அதை "வெள்ளை" என்று ஒப்புக்கொள்ளச் செய்வார். அந்தப் பொருள் டெஃப்லான். பிளம்பர் குழாய் மரையில் சுற்றுவாரே, அந்த வெள்ளை டேப் அதே சரக்கு. அதற்குப் பிறகு வரும் மஞ்சளும் நீலமும் ஒருவகை உடன்படிக்கை, பூவின் நிறம் அல்ல.

பிரெஞ்சில் கேமரா லென்ஸுக்கு "ஒப்ழெக்டிஃப்" என்று பெயர். பாரபட்சமற்றது என்பதற்கும் அதே சொல். இந்தப் படங்களைப் பார்க்கும்போது அந்தச் சொல் பாதிதான் பொருந்துகிறது. கோலம் பாரபட்சமற்றது, வண்ணம் கலைஞருடையது. அப்படிச் சொல்லிவிட்டு எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் செய்யட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. "தேனீ காணும் பூ" என்று கீழே எழுதுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. தேனீ புற ஊதாவை மட்டும் பார்ப்பதில்லை, நீலமும் பச்சையும் சேர்த்துப் பார்க்கிறது. அதன் கண் நம்முடையதைவிட மிக மங்கல், இதழின் ஒவ்வொரு நரம்பும் தெரியும் இந்தக் கூர்மை அதற்கு ஏது? சூரியகாந்தியின் வட்டமேகூடத் தேனீக்காக மட்டும் இல்லை. 2022இல் வெளிவந்த ஆய்வொன்று, வறண்ட பகுதிக் காட்டுச் சூரியகாந்திகளில் அந்த வட்டம் பெரிதாக இருப்பதையும், அது இதழில் நீர் வற்றாமல் காக்க உதவக்கூடும் என்பதையும் காட்டியது. பூ தன் பாட்டுக்கு ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, நாம்தான் எல்லாவற்றையும் விளம்பரப் பலகை என்கிறோம்.

கடைசியாக, நம் வயதுக்காரர்களுக்கு ஒரு செய்தி. நமக்குப் புற ஊதா தெரியாததற்குக் காரணம் விழித்திரை அல்ல. அதற்குக் கொஞ்சம் தெரியும். கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸ்தான் அதை வடிகட்டிவிடுகிறது. புரை எடுத்து லென்ஸ் வைக்காத காலத்தில், ஆபரேஷன் ஆனவர்கள் சிலருக்கு ஊதாவுக்கு அப்பாலும் வெளிறிய நீலமாக ஏதோ தெரிந்தது. ஓவியர் குளோத் மொனேவுக்கு 1923இல் வலக்கண்ணில் புரை எடுத்தவர் டாக்டர் குதெலா. அப்போது மொனேவுக்கு 82 வயது. அதுவரை பழுப்பாகத் தெரிந்த உலகம் திடீரென்று நீலமாகிவிட்டது என்று குறைப்பட்டு, நிறக்கண்ணாடி போட்டுக்கொண்டார். அந்த நீலத்தில் புற ஊதாவும் கலந்திருக்கலாம் என்று எழுதுகிறவர்கள் உண்டு, ஆனால் அது ஊகம்தான். இப்போது நமக்கு வைக்கும் லென்ஸில் புற ஊதாத் தடுப்பு சேர்த்தே வருகிறது. எனக்கு இரண்டு கண்ணிலும் அதுதான்.

மொனேவின் பெரிய அல்லிக்குளப் படங்கள் 1927 முதல் பாரிசில் ஒராஞ்ழெரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிள்ளைகளோடு பிரான்சில் தங்கி வந்த நம் ஊர்க்காரர்கள் சிலராவது அவற்றைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீலம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது, புரை எடுப்பதற்கு முன் பார்த்தீர்களா பின் பார்த்தீர்களா என்று எழுதுங்கள்.